கயிற்றைச் சுற்றி, பாதியாக மடித்து: அளவெடுத்து ஜிப் பை தைத்த அனுபவம்

அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மீட்டரோடு ஒரு சின்னப் பையும் வந்தது. இரண்டு வருடம் உழைத்தது. அப்புறம் ஜிப்பின் பற்கள் நடுவில் வாய் பிளக்க ஆரம்பித்தன. ஜிப்பைத் திறந்து மூட நகரும் ரன்னரைக் குறடால் லேசாக நெருக்கிப் பார்த்தேன். இரண்டு வாரம் தாங்கியது, திரும்பவும் பிளந்துகொண்டது. அதற்குப் பிறகு மீட்டர், ஸ்ட்ரிப் டப்பா, விரலில் குத்தும் பேனா மூன்றையும் அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் பார்க்க வேண்டும். சர்க்கரை வந்து பல வருடம் ஆனதால் அவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி குறைவு. முடிச்சை அவிழ்ப்பதற்குள் ஸ்ட்ரிப் டப்பா உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். எழுபத்தாறு வயதில் தரையில் குனிந்து அதைத் தேடுவார். அதை இரண்டு முறை பார்த்த பிறகுதான் நானே ஒரு பை தைத்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய மிதி மெஷின். பிளவுஸ், தலையணை உறை, பள்ளிக்கூடப் பாவாடை எல்லாம் அதில் தைத்திருக்கிறேன். ஜிப் பையும் நாலைந்து தைத்ததுண்டு. ஆனால் அதெல்லாம் பையை முதலில் தைத்துவிட்டு, அதற்குள் போகிற பொருளைப் போட்டுக்கொள்ளும் வகை. ஒரு குறிப்பிட்ட பொருளுக்கென்றே அளவெடுத்துத் தைப்பது இதுதான் முதல் தடவை.

மூன்று சாமானையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேலால் அளந்தேன். அகலம் 5½ இன்ச், உயரம் 4 இன்ச். எல்லாப் பக்கமும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும் என்று தைத்து முடித்த பை 6 இன்ச்சுக்கு 4½ இன்ச் வரும்படி வெட்டினேன். பை அழகாகவே வந்தது. உள்ளே மூன்றையும் வைத்தால் ஜிப் முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. இழுத்தால் பல் பிளக்கும். பழைய பை எதனால் போனது என்பது அப்போதுதான் புரிந்தது. அதுவும் இதே மாதிரி இறுக்கத்தில் தினமும் இழுபட்டுத்தான் வாய் பிளந்திருக்க வேண்டும்.

குற்றம் ஸ்ட்ரிப் டப்பாவில் இருந்தது. அது உருளை, ஒரு இன்ச் கனம். நான் அளந்தது சாமான்கள் மேஜையில் அடைத்த இடத்தை மட்டும்தான். கனத்தை அளக்கவே இல்லை.

மறுநாள் ஜிப் வாங்கக் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போனேன். மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்று கட்டிய புதுமண்டபத்தில்தான் முன்பு இந்தக் கடைகள் எல்லாம் இருந்தன. சின்ன வயதில் அம்மாவோடு அந்தக் கல்தூண்களுக்கு நடுவே நடந்து, தைத்துக்கொண்டிருக்கும் மெஷின் சத்தத்தைக் கேட்டபடி பட்டனும் நூலும் வாங்கியிருக்கிறேன். கடைகளைச் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு இடம் விசாலமாகிவிட்டது. ஆனால் எனக்கு இன்னும் கால் தானாக மண்டபத்துப் பக்கம்தான் திரும்புகிறது.

திரும்பி வரும் வழியில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் உறை தைக்கிற ஒருவர் கடை இருக்கிறது. வாசலில் ஒரு மிருதங்கத்தை வைத்து அளவெடுத்துக்கொண்டிருந்தார். கையில் டேப் இல்லை, ஒரு சன்னக் கயிறுதான். பெருத்த இடத்தில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினார், சேர்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இரண்டாக மடித்தார், மடித்ததைத் துணி மேல் வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். அவ்வளவுதான்.

“அண்ணே, அகலம் எவ்வளவுன்னு பார்க்கலையா?” என்று கேட்டேன்.

“அகலத்தைப் பார்த்து என்னம்மா செய்ய? துணி அதைச் சுத்தித்தானே போகப்போகுது. சுத்துல பாதி முன்பக்கம், பாதி பின்பக்கம். அதுக்கு மேல கை போக எவ்வளவு வேணுமோ அதை விடு.”

வீட்டுக்கு வந்ததும் பேனாவையும் டப்பாவையும் மீட்டரையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டுக் கயிற்றைச் சுற்றினேன். குறுக்கே சுற்றினால் 12¾ இன்ச். பாதி 6⅜. கணக்குக்கு எளிதாக 6½ என்று வைத்துக்கொண்டேன். நெடுக்கே சுற்றினால் 9¾, பாதி ஏறக்குறைய 5. இரண்டிலும் தாராளத்துக்கு அரை இன்ச் சேர்த்தால் தைத்து முடித்த பை 7 இன்ச்சுக்கு 5½ இன்ச் இருக்க வேண்டும். நான் தைத்ததோ 6க்கு 4½. ஒவ்வொரு பக்கமும் சரியாக ஒரு இன்ச் குறைவு. அந்த டப்பாவின் கனம்!

யோசித்தால் இதில் மாயம் ஒன்றும் இல்லை. பெட்டி மாதிரி இருக்கும் ஒரு பொருளின் அகலமும் கனமும் சேர்ந்ததுதான் அதன் சுற்றில் பாதி. புத்தகம் மாதிரி மெல்லிய பொருளுக்குக் கனம் கணக்கில் தெரியாது, ஸ்கேல் போதும். கனம் கூடக்கூட ஸ்கேல் பொய் சொல்லும். கயிறு எதையும் விடாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அகலம், கனம், உருண்டை, மேடு என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் வேலையே நமக்கு இல்லை.

இனி வெட்டுகிற கணக்கு. நான் பக்கத்துக்கும் அடிக்கும் தையலுக்கு அரை இன்ச் விடுகிறேன், ஜிப் ஓரத்துக்குக் கால் இன்ச். ஆக அகலம் 7 கூட இரண்டு பக்கமும் அரை அரை, 8 இன்ச். உயரம் 5½, அடிக்கு அரை, ஜிப்புக்குக் கால், மொத்தம் 6¼ இன்ச். இந்த அளவில் வெளித்துணி இரண்டு, உள்துணி இரண்டு, நடுவில் ஒட்டுக் கேன்வாஸ் இரண்டு.

வெளித்துணிக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. அரக்கு நிறம், கையால் முடிந்து சாயம் போட்ட வெள்ளைப் புள்ளிகள். முந்தானைப் பக்கம் இழை நைந்துவிட்டது, உடல் பகுதி நன்றாகவே இருந்தது. சுங்குடி மெல்லிய பருத்தி. பல முறை துவைத்த சேலை என்றால் இன்னும் தளர்ந்திருக்கும். அதை அப்படியே தைத்தால் பை தொங்கும், ஜிப் நெளியும். அதனால் பின்னால் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு ஒட்டினேன். ஒட்டும்போது பெட்டியைத் தேய்க்காமல் ஒவ்வொரு இடத்திலும் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால் புள்ளி வரிசை கோணிவிடும்.

உள்துணிக்கு அப்பாவின் பழைய வேட்டி. வெள்ளை அழுக்காகும் என்று அம்மா சொன்னார். ஆனால் உள்ளே வெளிர் நிறமாக இருந்தால்தான் விளக்குப் போடாத விடியற்காலையிலும் சாமான் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு லைனிங் போட்ட பையில் கறுப்புப் பேனாவைத் தேடுகிற சிரமம் எனக்கே உண்டு. அழுக்கானால் வேட்டித் துணிதானே, துவைத்துக்கொள்ளலாம்.

ஜிப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் 7 இன்ச், 8 இன்ச், 10 இன்ச் என்று தயாராக விற்கும் ஜிப்புக்கு ஏற்றபடி பையின் அளவை மாற்றிக்கொள்வதுதான் பலரும் செய்வது, நானும் அப்படித்தான் செய்துவந்தேன். பொருளுக்கு ஏற்ற பை வேண்டுமென்றால் மீட்டர் கணக்கில் ரோல் ஜிப் வாங்கி ரன்னரைத் தனியாகக் கோத்துக்கொள்வதுதான் வழி. ரோலில் நைலான் சுருள் ஜிப்தான் வசதி. கத்தரியால் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், அதன் மேலேயே மெஷின் ஓட்டலாம், ஊசி உடையாது. உலோகப் பல் என்றால் தையல் வருகிற இடத்தில் பற்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

3ஆம் நம்பர், 5ஆம் நம்பர் என்று கேட்பார்கள். மூடிய நிலையில் பல் வரிசையின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் நம்பர். பிளவுஸ், சுடிதாருக்கு 3. தினமும் திறந்து மூடுகிற பைக்கு 5. ரன்னரும் அதே நம்பராக இருக்க வேண்டும். பல ரன்னர்களின் பின்பக்கம் நம்பர் பொறித்திருக்கும், வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். நைலானுக்கான ரன்னர் உலோகப் பல்லுக்குச் சேராது, நம்பர் ஒன்றாக இருந்தாலும்.

ரன்னரை நான் கோத்துக்கொண்டிருந்தபோது என் மகள் அப்பாவின் பழைய பயணப் பையைக் கொண்டுவந்து, அதன் ரன்னரில் உள்ள ஒய்.கே.கே என்றால் என்ன என்று கேட்டாள். யோஷிதா கோக்யோ கபுஷிகி கைஷா என்பதன் சுருக்கம், 1934இல் ஜப்பானில் தாதாவோ யோஷிதா தொடங்கியது என்று சொன்னேன். ஜிப்புக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் ஸ்வீடனிலிருந்து அமெரிக்கா போன கிதியோன் சுண்ட்பாக், அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1917இல். பெயர் வந்தது அதற்கும் பிறகு. 1923இல் குட்ரிச் என்ற ரப்பர் நிறுவனம் தன் பூட்ஸுக்கு வைத்த பெயர்தான் ஜிப்பர். நூறு வருடமாக அடிப்படை மாறாமல் ஒரு பொருள் ஓடிக்கொண்டிருப்பதைக் கையில் பிடித்துப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

சரி, ரன்னர் கோப்பது. ரன்னரில் ஒரு பக்கம் இரண்டு வாய், மறுபக்கம் ஒரே வாய். ஜிப்பின் முனையில் இரண்டு பட்டைகளையும் ஒரு இன்ச் பிரித்து, பிசிறில்லாமல் நேராக வெட்டி, இரண்டு வாயிலும் ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். இரண்டும் உள்ளே ஒரே அளவு போனதும் ரன்னரை அழுத்திப் பிடித்துக்கொண்டு பட்டைகளைச் சேர்த்து இழுத்தால், மறுபக்கம் பல் கோத்து வெளியே வரும். ஒரு பட்டை ஒரு பல் முந்திப் போனாலும் ஜிப் நெடுக ஒரு பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும். அப்படி வந்தால் சரிசெய்யப் பார்க்காமல் ரன்னரை முழுக்க உருவிவிட்டு மறுபடி கோத்துக்கொள்ளுங்கள், அதுதான் சீக்கிரம். கோத்ததும் இரண்டு முனையிலும் ஒரு குண்டூசி குத்திவிட்டேன். இல்லாவிட்டால் அடுத்த நிமிடம் ரன்னர் தனியாகக் கைக்கு வந்துவிடும்.

ஜிப் முனைகளில் சின்னத் துணித் துண்டு சேர்த்துக் காது வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஜிப்பை ஓரம் வரை அப்படியே ஓட்டினால் பக்கத் தையலில் அதன் கனம் சேர்ந்து, பையின் மேல் மூலைகள் உள்ளே குழிந்துவிடும். காது வைத்தால் மூலை கூர்மையாக நிற்கும். முடிந்த பை 7 இன்ச் அகலம், இரண்டு பக்கமும் காது அரை அரை இன்ச் தெரியட்டும் என்றால் ஜிப் தெரிவது 6 இன்ச். காதுத் தையலுக்குள் போகக் கால் கால் சேர்த்து ஜிப்பை 6½ இன்ச் வெட்டினேன். காதுக்கு 1¼ இன்ச் சதுரத் துண்டுகள் நான்கு. 5ஆம் நம்பர் ஜிப் பட்டையின் அகலமும் ஏறக்குறைய அதேதான். ஜிப் முனைக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று வைத்துக் கால் இன்ச்சில் தைத்து வெளியே திருப்பினால் காது தயார். முழு நீளம் இப்போது 8 இன்ச், துணியின் அகலத்துக்குச் சரியாக நிற்கும்.

தைக்கும் வரிசை இப்படி: வெளித்துணி நல்ல பக்கம் மேலே பார்க்க, அதன் மேல் ஜிப் முகம் கீழே பார்க்க, அதன் மேல் உள்துணி நல்ல பக்கம் கீழே பார்க்க. மூன்றின் மேல் ஓரமும் ஒன்றாகச் சேர வேண்டும். ஜிப் ஃபுட் (ஜிப் ஓரமாகத் தைக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) மாட்டி, 14ஆம் நம்பர் ஊசியில், கால் இன்ச்சில் ஓட்டினேன். ரன்னர் இருக்கும் இடத்துக்கு இரண்டு இன்ச் முன்பே நிறுத்தி, ஊசியைத் துணியில் இறக்கியே வைத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கி ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடர வேண்டும். ரன்னரைச் சுற்றி வளைத்து ஓட்டினால் அந்த இடத்தில் மேடு விழும், பை தீரும் வரை அது கண்ணை உறுத்தும்.

இரண்டு துணியையும் புரட்டி, இஸ்திரி போட்டு, ஜிப்பின் ஓரமாக ஒரு மேல்தையல். இது அழகுக்காக இல்லை. மேல்தையல் இல்லாவிட்டால் உள்துணி தளர்ந்து பல்லுக்குள் போய் மாட்டும். அப்பா மாதிரி விரல் உணர்ச்சி குறைந்தவர்கள் மாட்டிக்கொண்டது தெரியாமல் பலமாக இழுப்பார்கள். இஸ்திரிப் பெட்டி பல் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நைலான் உருகிவிடும். இந்தப் பைக்கு முதலில் வைத்த ஜிப்பில் அப்படி ஒரு பல் என் அவசரத்தில் மழுங்கியது, அதற்கு மேல் ரன்னர் தாண்டவில்லை, 6½ இன்ச் ஜிப் மொத்தமும் வீண்.

மறுபக்கமும் அதே மாதிரி முடித்ததும், சுற்றுத் தையலுக்கு முன்னால் ஜிப்பைப் பாதி திறந்து வைக்க வேண்டும். மூடியே வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டால் பையை நல்ல பக்கம் திருப்ப வழியில்லை. வெளித்துணிகள் இரண்டும் ஒரு பக்கம், உள்துணிகள் இரண்டும் மறுபக்கம், ஜிப் நடுவில். காதின் மடிப்பை உள்துணிப் பக்கம் சாய்த்துக் குண்டூசி குத்தினேன். உள்துணியின் அடியில் மூன்று இன்ச் திறப்பு விட்டுச் சுற்றிலும் அரை இன்ச்சில் தைத்து, மூலைகளைச் சாய்வாக நறுக்கி, திறப்பின் வழியாகத் திருப்பி, கடைசியில் அந்தத் திறப்பை ஓரத்தில் ஒரு தையல் போட்டு மூடிவிட்டேன்.

மூன்று சாமானும் உள்ளே போயின. ஜிப் ஒற்றை விரலில் மூடியது. இருந்தாலும் அப்பா கையில் கொடுத்துப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. ரன்னரின் நாக்கு சின்னது, அவர் விரலுக்கு அது சிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை தடவித் தேடினார். சுங்குடித் துண்டில் மூன்று இன்ச் நீளத்துக்கு ஒரு நாடா தைத்து நாக்கில் வளையமாகக் கோத்தேன். நுனியில் ஒரு முடிச்சு. விரல் நுனிக்குத் தெரியாவிட்டாலும் விரல் முழுவதையும் வளையத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம். பொருளுக்கு அளவெடுக்கும்போதே அதை எடுக்கிற கைக்கும் அளவெடுக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. ஜிப் தெரிகிற 6 இன்ச்சுக்குள் அவர் கை நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தது. 5 இன்ச்சாக இருந்திருந்தால் இடித்திருக்கும்.

அடுத்தது ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின், அம்மாவுக்கு. கைப்பட்டையைச் சுருட்டி மேலே வைத்தால் பெட்டி மாதிரி நிற்கும், அகலம் 5½, ஆழம் 4½, உயரம் 4. இங்கேயும் கயிறுதான். குறுக்கே சுற்றில் பாதி 10, நெடுக்கே பாதி 8½. அரை அரை சேர்த்து 10½க்கு 9. வெட்டும்போது 11½க்கு 9¾. இதை அப்படியே தட்டையாகத் தைத்தால் மெஷின் உள்ளே போகும், ஆனால் அடியில் இரண்டு மூலையும் முயல் காது மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும், பை சாயும். அந்தக் காதுகளைக் கிள்ளித் தைத்துவிட்டால் அடி தட்டையாகிவிடும்.

எவ்வளவு கிள்ளுவது? ஆழத்தில் பாதி. வெட்டிய துணியின் அடி மூலை இரண்டிலும், ஓரத்திலிருந்து அளந்து, 2¼ இன்ச் சதுரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். தையலுக்கு விட்டதைத் தனியாகக் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். பக்கம், அடி, மூலை மூன்றிலும் ஒரே அரை இன்ச்சில் தைத்தால் கணக்கு தானாகச் சரியாகிவிடும். இதை நான் முதலில் நம்பவில்லை. செய்தித்தாளில் வெட்டி, செல்லோ டேப் போட்டு மடித்து, அடி 4½ வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துணியில் கத்தரி வைத்தேன். புதிய அளவு ஒவ்வொன்றுக்கும் இப்போதும் செய்தித்தாள்தான் முதலில். அம்மாவின் சேலை ஒன்றுதான் இருக்கிறது, அதில் தவறு செய்ய மனம் வராது.

பக்கமும் அடியும் தைத்த பிறகு சதுர வாயை எதிர்த் திசையில் இழுத்தால் பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன் மேல் ஒன்று வந்து நிற்கும். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்திருக்கிறதா என்று ஊசி குத்திப் பார்த்து அரை இன்ச்சில் தைக்க வேண்டும். உள்துணிக்கும் அதே வேலை. இந்தப் பையில் சுங்குடியும் கேன்வாஸும் மட்டும் போதாது, மெல்லிய ஃபோம் ஒரு அடுக்கு வைத்தேன். ஃபோமைத் தையல் ஓரம் வரை வைக்காமல் முடிந்த அளவுக்கே வெட்டினால் தையலில் கனம் சேராது. மூலையில் அடுக்குகள் கூடும் இடத்தில் 16ஆம் நம்பர் ஊசி மாற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன்.

மூன்றாவதாக வந்ததுதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. மாடி வீட்டுப் பையன் புல்லாங்குழல் படிக்கிறான். “அத்தை, இதுக்கும் ஒண்ணு தைச்சுத் தாங்களேன்” என்று அவன் குழலைக் கொண்டுவந்தான். 15½ இன்ச் நீளம், விட்டம் ⅞ இன்ச். குழலில் கட்டை, அதாவது சுருதி, மாறினால் நீளமும் மாறும். சுருதி இறங்க இறங்கக் குழல் நீளும். அதனால் பொது அளவில் ஒரு பை எல்லாக் குழலுக்கும் பொருந்தாது.

கயிற்றைச் சுற்றினேன், 2¾ இன்ச். பாதி 1⅜. குழல் உள்ளே ஆடக் கூடாது என்று கால் இன்ச் மட்டும் சேர்த்து 1⅝. மூங்கிலுக்கு அடிபடக் கூடாது என்பதால் 3 மில்லிமீட்டர் ஃபோம் வைத்தேன். தைத்து முடித்தால் குழல் நுழையவே இல்லை. இத்தனைக்கும் இந்த முறை கயிற்றில்தான் அளந்திருந்தேன்.

ராத்திரி வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஃபோம் துண்டு ஒன்றைக் குழலின் மேல் சுற்றி, அதன் மேல் கயிற்றைச் சுற்றியதும் விடை கிடைத்தது. 3½ இன்ச். முக்கால் இன்ச் கூடிவிட்டது. 3 மில்லிமீட்டர் ஃபோம் இரண்டு பக்கமும் சேர்ந்து விட்டத்தில் 6 மில்லிமீட்டர் கூட்டுகிறது. சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல், ஆகவே சுற்றில் 19 மில்லிமீட்டர். ஃபோமின் கனத்தைப் போல ஆறு மடங்கு! பெரிய பையில் தாராளத்துக்கு விட்ட அரை இன்ச்சுக்குள் இது மறைந்துவிடுகிறது. குழல் மாதிரி ஒல்லியான பொருளில் மறைய இடமில்லை.

அதிலிருந்து ஃபோம் வைக்கிற பை என்றால் பொருளின் மேல் ஃபோமையும் உள்துணியையும் சுற்றிவிட்டு அதற்கு மேல்தான் கயிறு வைக்கிறேன். குழலுக்கு மறுபடி கணக்குப் போட்டதில் பாதி 1¾, கால் சேர்த்து 2 இன்ச். நீளம் 17. வெட்டியது 18க்கு 2¾. ஜிப் நீளவாக்கில் முழுவதும், குழலைத் தொட்டிலில் இடுவது போல வைக்கலாம். முனையில் மட்டும் திறப்பு வைத்தால் குழலை உருவி உருவித் துளை ஓரங்களில் துணி உரசும்.

இத்தனை நீள ஜிப்பில் ஒரு தொல்லை, அலை. மெஷினின் பல் அடித்துணியை இழுக்கிறது, ஃபுட் மேலே இருப்பதைப் பிடித்து நிறுத்துகிறது. 18 இன்ச் முடிவதற்குள் ஃபோம் வைத்த துணியும் ஜிப்பும் கால் இன்ச் விலகிவிட்டன. முடிந்த பை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பிரித்துவிட்டு, ஜிப்பிலும் துணியிலும் மூன்று இன்ச்சுக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டேன். அரை மணி நேரம் கூடுதல். அப்புறம் ஃபுட்டின் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நீளத் தையலில் ஓட்டியதும் கோடு மாதிரி நேராக வந்தது. ஏழெட்டு இன்ச்சுக்கு மேல் ஜிப் என்றால் இப்போது நான் ஓட்டுத் தையல் இல்லாமல் மெஷினில் வைப்பதில்லை.

உள்துணிக்கு ரெக்சின் போடலாமா, துடைக்க எளிது என்று அவன் அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். வாசித்து முடித்த குழலுக்குள் மூச்சின் ஈரம் இருக்கும். பருத்தியாக இருந்தால் உறிஞ்சி உலர்த்திவிடும், ரெக்சினுக்குள் அது வியர்த்துக்கொண்டே கிடக்கும். எண்ணெய் பூசுகிற மூங்கில், அதனால் உள்ளே கறை படும். அதற்காக உள்துணியை வெளியே இழுத்துத் துவைக்கிற மாதிரி அடித் தையலில் அதை ஒட்டாமல் தனியாகவே விட்டுவிட்டேன்.

அளந்த கயிறுகளை நான் எறிவதில்லை. ஒவ்வொன்றிலும் சுற்று சேரும் இடத்தில் ஒரு முடிச்சு, நுனியில் ஒரு சீட்டு. “அப்பா மீட்டர், குறுக்கே.” “அம்மா மெஷின், நெடுக்கே.” “குழல், ஃபோமோடு.” பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் சுருட்டி வைத்திருக்கிறேன். அப்பாவின் பை நைந்தால் மறுபடி அளக்க வேண்டாம்.

நேற்று மாடிப் பையன் இன்னொரு குழலோடு இறங்கி வந்தான், இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டுமாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஃபோம் சுற்றி, கயிற்றைப் போட்டேன். இரண்டு மடங்காகும் என்று நினைத்தால் ஆகவில்லை. 3½ இருந்தது 5¼ ஆனது, அவ்வளவுதான். நடுவில் இரண்டும் உரசாமல் ஒரு தடுப்பு வைத்தால் கால் இன்ச் கூடும். தடுப்பை உள்துணியோடு அடியில் தைப்பதா, இல்லை தனியாக ஒரு மடிப்புத் துணியாக விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. செய்தித்தாளில் இரண்டையும் வெட்டி மெஷின் மேல் வைத்திருக்கிறேன்.